சாம்பிள் பல்

என்னைப் பார்க்க வருகிற இளம் பல் மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க காலத்துல பல்லை வெள்ளையாக்க ஏதாவது ட்ரீட்மென்ட் இருந்ததா மேடம்?" கேட்கும்போதே முகத்தில் ஒரு இரக்கம் தெரியும். அப்போது நெருப்பு இருந்ததா என்று விசாரிக்கிற மாதிரி.

இருந்தது, பிள்ளைகளே. உங்கள் கிளினிக்கில் நீல விளக்குக்கு அடியில் நீங்கள் பூசுகிற பசையின் உயிர் எதுவோ, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு எழுபதுகளின் தொடக்கத்திலேயே என் அலமாரியில் பழுப்பு பாட்டிலில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் புதிதாகக் கொண்டு வந்தது விளக்கையும் விலைப்பட்டியலையும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

மருந்தைப் பற்றி எழுதப் புத்தகங்கள் இருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நான் கோதண்டம் என்கிற, இரும்புக்கு முலாம் ஏற்றும் ஒரு பிளேட்டிங் தொழிலாளியையும் அவர் தங்கை வசந்தாவையும் வைத்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது மண்ணூர்பேட்டையில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் என் கிளினிக். என் கணவருக்கு ஆவடியில் வேலை. பின்னறையில் குடித்தனம், முன்னறையில் வைத்தியம். மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் காலால் மிதித்து ஓட்டுகிற டிரில் வைத்திருந்தேன். தையல் மெஷின் மாதிரி மிதிக்க வேண்டும். பக்கத்திலேயே அம்பத்தூர் எஸ்டேட். ஷிப்டு முடிந்து எண்ணெயும் இரும்புத்தூளும் ஒட்டிய கையோடு நேராக என்னிடம்தான் வருவார்கள். வந்தால் ஒரே கோரிக்கை, "புடுங்கிடுங்கம்மா." பல்லின் நிறத்துக்காக யாரும் வந்ததில்லை. நிறத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம் இருந்தது. செங்கல் தூள், அடுப்புக்கரி, உமிச் சாம்பல், உப்பு, எலுமிச்சைத் தோல், சமையல் சோடா. போதாததற்குப் பெட்டிக்கடைகளில் ரோஸ் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் பல்பொடிப் பொட்டலங்கள்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எந்தப் பொடியைக் கொண்டு வந்து நல்லதா என்று கேட்டாலும், ஒரு பழைய கண்ணாடித் துண்டின் மேல் கொஞ்சம் கொட்டி, ஈரத்துணியால் நாலு தேய் தேய்ப்பேன். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பொடி குப்பைக்கூடைக்குப் போகும். பல்லின் மேல்தோல் கண்ணாடியைவிடக் கொஞ்சம் மென்மையானது. கண்ணாடியைக் கீறுவது பல்லை விட்டு வைக்காது. செங்கல் தூளும் உமிச் சாம்பலும் கண்ணாடியைக் கீறிக் கீறி மங்கலாக்கிவிடும். சுண்ணப்பொடி மட்டும் பெரும்பாலும் தப்பிக்கும். கொண்டு வந்தவர்கள் முகம் சுருங்கிப் போகும். "எங்க மாமியார் குடுத்தது டாக்டர்," என்று ஒரு அம்மாள் கீறல் விழுந்த கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னதும் உண்டு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வெள்ளையாக்குவதாகச் சொல்கிற எந்தச் சரக்கும், அன்றைக்கானாலும் இன்றைக்கானாலும், தேய்க்கும், அல்லது கரைக்கும், அல்லது உள்ளே புகுந்து நிறத்தை வெளுக்கும். டப்பாவின் மேல் என்ன படம் போட்டிருந்தாலும் இதில் ஏதோ ஒன்றுதான் உள்ளே நடக்கிறது. அதேபோல் கறையும் வெளியே ஒட்டியதா, உள்ளே ஊறியதா என்று பார்க்க வேண்டும். பீடி, வெற்றிலை, டீ எல்லாம் வெளியே. குழந்தைப் பருவத்தில் குடித்த கிணற்றுத் தண்ணீர், அப்போது கொடுத்த சில மருந்துகள், நரம்பு செத்த பல், இதெல்லாம் உள்ளே. வெளிக்கறையைச் சுரண்டி எடுத்துப் பெயர் வாங்கிவிடலாம். உள்கறையிடம்தான் நம் படிப்பும் பொறுமையும் தெரியும்.

ஒரு கோடையில் பிளேட்டிங் ஷாப் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் ஒரு பீடிக்காரர். "சோடா குடிக்க முடில டாக்டரம்மா. பல்லு கூசுது," என்றார். வாயைத் திறந்ததும் எனக்கு ஆச்சரியம். பீடி குடிக்கிறவருக்கு வெள்ளை வெளேரென்று பல். ஆனால் பளபளப்பு இல்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அடுத்து வந்தவரும் அதே ஷாப், அதே வெள்ளை, அதே கூச்சம். மூன்றாவது ஆள் வந்தபோது வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"இதை யார் பண்ணிவிட்டது?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "கோதண்டம் அண்ணாத்தேதான். தப்பா எட்த்துக்காதீங்க, அவுரு காசு ஒண்ணியும் வாங்கல. எனக்குக் கல்யாணம்னு பண்ணிவுட்டாரு."

கோதண்டம் அந்த ஷாப்பில் ஆசிட் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். பிளேட்டிங் வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. துருப்பிடித்த இரும்பு உருப்படியை அவர்கள் 'ஜாப்' என்பார்கள். அதைத் தொட்டியிலுள்ள ஆசிட்டில் முக்கினால் துரு கரைந்து இரும்பு பளிச்சென்று வரும். தண்ணீரில் அலசி, மிச்சமிருக்கும் ஆசிட்டைச் சோடாத் தண்ணீரில் முறித்து, அதன் பிறகு நிக்கல் முலாம் ஏற்றுவார்கள். வருஷக்கணக்காக இதைச் செய்கிற ஒருவருக்குப் பழுப்பேறிய பல்லைப் பார்த்தால் என்ன தோன்றும்? துருதான் தோன்றும். கோதண்டம் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புப் பட்டையோடு முளைக்கும். பல்லை மறைக்கவே அடர்த்தியாக மீசை வளர்த்திருந்த மனிதர், ஒருநாள் ஆசிட்டில் தண்ணீர் கலந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, தன் பல்லிலேயே தேய்த்துப் பார்த்திருக்கிறார். அலசினார், சோடாப் போட்டுக் கொப்பளித்தார். பழுப்பு காணாமல் போயிற்று. ஷாப்பே அசந்துவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணம், பண்டிகை என்றால் ஆட்கள் ஆசிட் டிரம்மின் பக்கத்தில் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

இப்படி ஒரு தப்பை ஒரு பிளேட்டிங்காரரால்தான் செய்ய முடியும். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது, தனக்குத் தெரிந்த வேலையைப் பல்லுக்கும் செய்தார், அவ்வளவுதான். ஆசிட் கறையோடு சேர்த்துப் பல்லின் மேல்தோலையும் கரைக்கிறது. கரைந்த இடம் சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அந்தச் சொரசொரப்பைத்தான் எல்லோரும் வெள்ளை என்று நினைத்தார்கள்.

கோதண்டத்தை வரச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினேன். வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். மே மாத நடுவில் ஒருநாள் மாலை அவராகவே வந்து நின்றார். காக்கிச் சட்டை, அடர்ந்த மீசை, தோளில் டிபன் பை. பின்னால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண்.

"இன்னா டாக்டரம்மா, நம்ம பசங்களாண்ட என்னப் பத்தி ரொம்ப விசாரிச்சீங்களாம்?"

"உக்காருங்க."

"குந்துறதுக்கு வரல. இது என் தங்கச்சி வசந்தா. இதுக்குப் பல்லு பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நீங்க இன்னா மருந்து போடுவீங்க?"

அதுவரை எந்த நோயாளியும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அந்தக் கேள்வி பிடித்தும் இருந்தது.

"முதல்ல பல்லைப் பாக்கறேன்," என்று வசந்தாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

விஷயத்தை அவள்தான் சொன்னாள், தலைப்பை எடுக்காமலே. ஊரில் தாயாரோடு வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அண்ணனிடம் வந்திருக்கிறாள். ஆவடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை கிடைப்பதுபோல் இருந்தது. தலைமை ஆசிரியை நேரில் பார்த்துவிட்டு, "பல்லு தேய்க்காத டீச்சர்கிட்ட பிள்ளைங்க என்ன கத்துக்கும்? சுத்தம் பண்ணிக்கிட்டு ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு வா, அப்பப் பாக்கலாம்," என்று அனுப்பிவிட்டாராம். பள்ளி திறப்பது ஜூனில். அதற்குள் பல் வெளுக்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"நான் தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்," என்றாள். நான் ஈறைப் பார்த்தேன். செங்கல் தூள் தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணாகியிருந்தது. என்னிடம் வருகிறவர்களில் இந்தப் பெண்ணைப்போல் பல் தேய்த்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு மனசு வலித்தது.

மேல்வரிசை முன்பற்களில் குறுக்காகப் பழுப்புப் பட்டைகள். செங்கல் தூளையும் தாங்கிக்கொண்டு பற்கள் என்னவோ உறுதியாக, வழவழப்பாகத்தான் இருந்தன. இடப்பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு பல் மட்டும் வேறுமாதிரி இருந்தது. சுண்ணாம்பு வெள்ளை, ஓரத்தில் மறுபடி பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. அதன்மேல் காற்றை ஊதினேன். வசந்தா நாற்காலியில் துள்ளினாள்.

"இது என்ன?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "சாம்பிள்," என்றார் கோதண்டம்.

பிளேட்டிங்கில் அது வழக்கமாம். ஒரு லாட் முழுவதையும் தொட்டியில் விடுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஜாப்பை மட்டும் முக்கிப் பார்ப்பார்கள். சரியாக வந்தால்தான் மற்றவை. கோதண்டமும் தங்கையின் வாயில் வெளியே தெரியாத பல்லாகப் பார்த்து ஒன்றைச் சாம்பிளுக்கு எடுத்திருக்கிறார். அந்தப் பல் கூசத் தொடங்கியதும் வசந்தா வாயைத் திறக்க மாட்டேன், டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். டாக்டரும் இதையேதான் செய்வார் என்று நிரூபிக்க அவர் அழைத்து வந்திருக்கிறார்.

நான் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு, "திட்றதெல்லாம் அப்பால வெச்சிக்கலாம். நீங்க இன்னா போடுவீங்க, அத்தச் சொல்லுங்க," என்றார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்றுத் தண்ணீரின் பழுப்புக்கு அன்றைய புத்தகங்கள் சொன்ன வைத்தியம் ஒரு கலவை. பெராக்சைடு, கொஞ்சம் ஈதர், அதோடு ஆசிட். கோதண்டத்தின் தொட்டியில் இருந்த அதே ஆசிட்தான். அளவுகளை இங்கே எழுத மாட்டேன். யாராவது செய்து பார்ப்பார்கள், அது இன்றைக்குத் தேவையும் இல்லை.

"வெளிநாட்டு மருந்து" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பகல் முழுவதும் அந்த நெடியிலேயே நிற்கிற மனிதர் அவர். நான் மூடியைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவார். ஆசிட் என்று உண்மையைச் சொன்னால், அப்படியானால் நானே செய்கிறேன் என்று எழுந்துவிடுவார். மருத்துவமே வேண்டாம் என்று அனுப்பினாலும் அதேதான் நடக்கும். ஜூன் நெருங்க நெருங்க அவளும் வேறு வழியில்லாமல் அண்ணனுக்கு வாயைத் திறப்பாள். மேல்வரிசை முழுவதும் போகும். அவர் தோளில் அந்த டிபன் பை இருந்தது. அதற்குள் டிபன் இல்லை என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"ஆசிட்தான்," என்றேன்.

தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுக்கினியா வசந்தா? இத்தத்தான நான் அன்னிக்கே சொன்னேன்!" பைக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் கருவித் தட்டில் வைத்தார். "நீங்களும் அத்தத்தான் போடுறீங்க, நானும் அத்தத்தான் வெச்சிக்கினு கீறேன். எழுந்திரும்மா, போலாம்."

வசந்தா எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோதண்டம், ஒரு சந்தேகம் தீர்த்துட்டுப் போங்க," என்றேன். "ஒரு ஜாப்ப ஆசிட்ல ரொம்ப நேரம் விட்டுட்டா என்ன ஆகும்?"

"அரிச்சிடும்."

"அரிச்சதை என்ன செய்வீங்க?"

"பஃப் போட்டு வழவழன்னு தேச்சி நிக்கல் ஏத்துவோம். ஏத்திட்டா ஷோக்கா ஆயிடும், ஒண்ணியும் தெரியாது."

"பல்லுக்கு என்ன ஏத்துவீங்க?"

அவர் தட்டிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"என்கிட்டயும் ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. நகம் வெட்டினா வளரும், முடி வெட்டினா வளரும். பல்லோட மேல்தோல் போனா போனதுதான். உங்க வேலையில எடுத்ததைத் திரும்பப் போட வழி இருக்கு. என் வேலையில கிடையாது."

பிறகு நான் செய்ததை எந்தப் பேராசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கொதிக்க வைத்து ஆறிய, சொத்தை தேடுகிற கொக்கிமுனைக் கருவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வசந்தாவின் பழுப்பு முன்பல்லின் மேல் மெதுவாக இழுக்க வைத்தேன். கண்ணாடியின் மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்து அந்தச் சாம்பிள் பல். முனை சிக்கிச் சிக்கி நகர்ந்தது, கர கரவென்று சத்தம் வந்தது. பஃப் போட்ட பரப்பை விரலால் தடவியே நல்லது கெட்டது சொல்கிற கை அது. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பாஸா, ரிஜெக்டா? நீங்களே சொல்லுங்க."

கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, "ரிஜெக்ட்," என்றார்.

"சாம்பிள் ரிஜெக்ட் ஆனா லாட்ட முக்குவீங்களா?"

அவர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் வசந்தா வாயைத் தலைப்பால் மூடாமல் முதல் தடவையாகப் பேசினாள். "அப்ப என் வேலை?"

நியாயமான கேள்வி. வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கு அண்ணனாலும் பயனில்லை, என்னாலும் பயனில்லை. நான் செய்வதாகச் சொன்னேன். ஆனால் முன்கூட்டியே பேசிக்கொண்டேன். பழுப்பு முழுவதும் போகாது, வெளிறும். சாம்பிள் பல்லை நான் தொட மாட்டேன். எங்கே நிறுத்துவது என்பதை நான்தான் சொல்வேன். செங்கல் தூள் இன்றோடு சரி.

சிகிச்சையின் விவரம் உங்களுக்குத் தேவையில்லை. ஈறுக்கு வாசலின், பல்லைச் சுற்றி ரப்பர் துணி, பழுப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு துளி, உடனே சோடா. ஒவ்வொரு தடவையும் கோதண்டம் ஷிப்டு முடிந்து வந்து இன்ஸ்பெக்டர் மாதிரி தலைமாட்டில் நின்றார். "அலசுன தண்ணிய மாத்துனீங்களா?" என்று கேட்பார். "வெளிச்சத்தை விட்டு நகருங்க," என்பேன். நகர்ந்து அடுத்த பக்கம் போய் நிற்பார். பழுப்புப் பட்டைகள் முதலில் தண்ணீர் விட்ட டிகாக்ஷன் நிறத்துக்கும், பிறகு பால் தாராளமாக விட்ட டீ நிறத்துக்கும் இறங்கின.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, வசந்தா கைக்கண்ணாடியை வாங்கிப் பல்லைப் பார்த்தாள். வெளிறிய மஞ்சள். பழைய பழுப்பைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை டாக்டர். மஞ்சளா இருக்கே. அவங்க வெள்ளையாத்தான் கேப்பாங்க." சொல்லும்போதே கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

என் கையில் பஞ்சு தயாராக இருந்தது. செய்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. இவ்வளவு கஷ்டப்பட்டவளுக்கு இன்னும் ஒரு துளி கொடுத்தால் என்ன? ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் கருவியை இழுத்துப் பார்த்திருந்தேன். ஒரு முன்பல்லில் அந்தப் பழைய வழுக்கல் கொஞ்சம் குறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும் தெரிந்தது. திங்கட்கிழமை அவளுக்கு வேலை கிடைக்காமல் போகலாம், அதற்கு நான் காரணமாகலாம். அழுகிற பெண்ணிடம் கையின் உணர்வை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"போதும் வசந்தா," என்றார் கோதண்டம்.

அவள் சரேலென்று திரும்பினாள். "உன் பல்லை மட்டும் வெள்ளையாக்கிக்கிட்ட. எனக்குன்னா போதுமா?"

அவர் அறை மூலைக்குப் போனார். அங்கே நோயாளிகளுக்காக மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பேன். ஒரு டம்ளர் மொண்டு, எங்கள் முன்னால் வந்து நின்று, ஒரு வாய் குடித்தார். விழுங்க முடியவில்லை. முகம் கோணிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. மீசையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"பச்சத் தண்ணி குடிச்சி எவ்ளோ நாளாவுது தெரியுமா?" என்றார் கடைசியில். "விடியக்காலைல வாயத் தொறந்துகினு சைக்கிள் மிதிச்சா காத்துக்கே கூசுது. ஷாப்புல எல்லாரும் ஷோக்கா கீதுன்னு சொன்னாங்களா, வெளிய சொல்லல. நீ ரெண்டாவது சாம்பிள் வசந்தா. மொத சாம்பிள் நானு."

வசந்தா கைக்கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். நான் பஞ்சைக் கீழே போட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் இன்னும் ஒரு தடவை என்று கேட்டிருக்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள், இப்போது இன்னும் அதிகமாகக் கேட்பார்கள். கேட்கிறவர் விருப்பம் என்று நீங்கள் பேசுவது எனக்குத் தெரியும். விருப்பம் அவருடையதுதான், ஆனால் கருவியை இழுத்துப் பார்க்கிற கை உங்களுடையது. அது நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துங்கள். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் பெயர் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். கேட்கிறவர் அந்தச் சரக்கோடு தினமும் வேலை செய்கிறவராகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கோதண்டம் மட்டும் வந்தார். நான் வாசலிலேயே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

"என்ன ஆச்சு?"

"பெரிய டீச்சரு இத்த வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துச்சாம். 'இப்பத்தான் ஒழுங்காப் பல்லு தேய்க்க ஆரம்பிச்சியா'ன்னு கேட்டுச்சாம். அதுக்கு இது இன்னா சொல்லிச்சி தெரியுமா டாக்டரம்மா? தலைப்ப இடுப்புல சொருகிக்கினு, 'அப்பவும் தேச்சேன் டீச்சர், இது எங்க ஊர்த் தண்ணிக் கறை. இதுக்கு மேல எடுத்தா பல்லு போயிடும், அதனால எடுக்கல'ன்னு சொல்லிச்சாம். வாயவே தொறக்காத பொண்ணு!"

"அதுக்கு அவங்க?"

"ஒண்ணாங்கிளாசுக்குப் போவச் சொல்லிட்டாங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரை உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் பல்லுக்குக் கூச்சம் குறைக்கிற பசை பூசினேன். அதிலும் ஃப்ளோரைடுதான். ஊரில் பல்லைக் கெடுத்ததே இங்கே ஒட்டுப்போட வந்திருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். பாதிக் கூச்சம் குறையலாம், முழுவதும் போகாது என்றும் சொன்னேன். "தெரியும் டாக்டரம்மா. ஏத்தறதுக்கு உங்களாண்ட ஒண்ணியும் இல்ல," என்றார்.

எழுந்து போகும்போது வெயிலில் வந்த களைப்பில் தண்ணீர் கேட்டார். நான் பானைப் பக்கம் திரும்பினேன்.

"அது வேணாம். வெந்நீர் இருந்தா குடுங்க," என்றார்.

பின்னறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.